அடுப்புக்கு மண், சுவருக்குச் சுண்ணாம்பு

தெப்ராவைப் பற்றிய பழைய பதிவுகளில் வரும் அடுப்புகள் கம்பீர் அடுப்புகள். 1844-இல் தான் கீ சூன் என்பவரின் தலைமையில் சிங்கப்பூரிலிருந்து வந்த சீனர்கள் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். இன்றும் கங்கார் தெப்ராவ் என்று வழங்கும் அந்த இடத்தில் கம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். கம்பீர்ச் செடியின் இலையையும் இளங்குச்சியையும் வெட்டி வந்து, மண் அடுப்பின் மேல் வைத்த பெரிய இரும்புக் குவாலியில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். சாறு குழம்பாக இறுகியதும் ஆறவைத்துத் துண்டு போடுவார்கள். வெற்றிலையோடு மெல்ல ஒரு பங்கு போனது. பெரும்பங்கு தோல் பதனிட ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது.

இந்தத் தொழில் விறகைத் தின்று வளர்ந்தது. தோட்டத்தின் பரப்பு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு காடு அடுப்புக்குள் போனது. பதினைந்து ஆண்டு போல் ஆனதும் மண் சோர்ந்துவிடும். சுற்றியிருந்த காடும் தீர்ந்திருக்கும். குவாலியைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். அடுப்பை விட்டுச் செல்வது தெப்ராவுக்குப் பழகிப்போன விஷயம். கம்பீர்க்காரர்களுக்குப் பிறகு ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பிறகு தாமான்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் அடுப்பு மாறியது.

அடுப்பு கட்டுவதில் கல் சுலபம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் எதை வைப்பது என்பதுதான் கஷ்டம். நெருப்பு முதலில் சோதிப்பது அந்த இடைவெளியைத்தான். மழை உள்ளே நுழைவதும் அந்த வழியாகத்தான். எண்ணெயும் புளியும் கசிந்து கறையாவதும் அங்கேதான். நான் எழுத நினைப்பது அந்த விரல் அகல இடைவெளியின் வரலாறு. அது தெப்ராவ் நீரிணையின் இரு கரைகளிலும் நடந்திருக்கிறது.

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவிலுள்ள கடலுக்கு மலாயில் செலாட் தெப்ராவ் என்று பெயர். அக்கரையில் நம்மவர்கள் சுண்ணாம்பு குழைத்த கதை இப்படித் தொடங்குகிறது. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து ஒரு கப்பல் சிங்கப்பூருக்கு வந்தது. அதில் மதராஸைச் சேர்ந்த 80 கைதிகள் இருந்தார்கள். அடுத்த வாரம் வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். ஆங்கிலேயர் அந்த ஊரை எழுப்பியது பெரும்பாலும் இவர்களையும் இவர்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் கொண்டுதான். சாலை, கால்வாய், கலங்கரை விளக்கம், அரசு மாளிகை என்று எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. அதற்கு முன்பே 1819-இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டிருந்தார். செங்கல் ஒரு தமிழருடையது. அதை ஒட்டவைத்த சாந்தைக் குழைத்த கைகளில் சிறைப்பட்ட தமிழர்களின் கைகளும் இருந்தன.

அந்தச் சாந்துக்கு எழுத்துச் சான்று இருக்கிறது. செயிண்ட் ஆண்ட்ரூ தேவாலயத்துக்கு 1856-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1861-இல் முதல் வழிபாடு நடந்தது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மெக்நேர், 1899-இல் வெளிவந்த தன் நூலில், உட்சுவர்களுக்கும் தூண்களுக்கும் பூசிய 'மதராஸ் சுண்ணாம்பின்' பக்குவத்தை விவரித்திருக்கிறார். கிளிஞ்சல் சுண்ணாம்பில் மணல் சேர்ப்பதில்லை. முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் அடித்து அதில் கலப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் குழைப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு, வழவழப்பான உருண்டைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இடையிடையே மாக்கல் பொடியைத் தூவிக்கொள்வார்கள்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதாகத் தெரியாது. வெல்லம் சேர்ந்த தண்ணீரில் சுண்ணாம்பு வெறும் தண்ணீரில் கரைவதைவிட அதிகமாகக் கரையும். முட்டையின் புரதம் பூச்சுக்கு நீரை ஒட்டவிடாத குணத்தைக் கொஞ்சம் தரும். கல்லால் தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பின் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். இன்று டப்பாவில் வாங்கிப் பூசுகிற 'சீலர்' செய்யும் வேலையை, அன்று ஒரு கைதியின் முழங்கை செய்திருக்கிறது. 1873-இல் அந்தச் சிறை கலைக்கப்பட்டது. கைதிகளில் ஒரு பகுதியினர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். சுவர் சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டது.

ஆனால் இதே சாந்தை யாரும் அடுப்புக்குள் பூசமாட்டார்கள். சுண்ணாம்பு காற்றையும் நீரையும் தாங்கும், நேரடி நெருப்பைத் தாங்காது. சூளை கட்டுகிறவர்களும் அடுப்பு போடுகிறவர்களும் செங்கல்லை வெறும் களிமண்ணால்தான் ஒட்டினார்கள். களிமண் சூட்டில் சுட்டுப்போய்க் கல்லோடு கல்லாகும். விரிசல் விட்டாலும் குழைத்து அப்பிவிடலாம். என் அம்மா இதை ஒரே மூச்சில் சொல்வார்: "அடுப்புக்கு மண்ணு, செவுத்துக்குச் சுண்ணாம்பு. மாத்திப் போட்டா ரெண்டும் போச்சு."

அம்மா வளர்ந்தது ஜொகூரின் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில். தெப்ராவ், மௌண்ட் ஆஸ்டின் என்று இன்று வீடமைப்புப் பகுதிகளுக்கு வழங்கும் பெயர்கள் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களுடையவை. மரம் போய், லயம் போய், பெயர் மட்டும் சாலைப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லயத்து அடுப்பை அம்மா விவரிக்கும்போது ஒரு பொறியாளரைப் போலப் பேசுவார். புற்றுமண்ணை இடித்துச் சலிக்க வேண்டும். சாணமும் சாம்பலும் சேர்த்துப் பிசைய வேண்டும். ஒரு நாள் ஊறப்போட்டால்தான் மண் 'படியும்'. மூன்று குமிழ் வைத்து, பக்கத்தில் ஒரு கொடியடுப்பும் போட வேண்டும். பெரிய அடுப்பில் சோறு வெந்தால், அதன் அனலிலேயே கொடியடுப்பில் ரசம் கொதித்துவிடும். எரிக்க ரப்பர் கட்டை, பற்றவைக்கக் காய்ந்த ஒட்டுப்பால்.

பாட்டி விடியற்காலை பெரட்டுக்குப் போகும் முன் சமைத்தாக வேண்டும். அடுப்பு வாரத்தில் ஆறு நாள் எரியும், சோறு பொங்கி வழியும், ஓட்டைக் கூரையிலிருந்து மழை சொட்டும். மயிரிழை விரிசல்கள் விழும். வெள்ளிக்கிழமை காலையில் சாணமும் மண்ணும் கரைத்து, துணியில் தோய்த்து, அடுப்பை மெழுகுவார்கள். விரிசல் எல்லாம் மறைந்துவிடும். மேலே கோலம் விழும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மறுபடியும் விரிசல் வரும், மறுபடியும் மெழுகுவார்கள்.

மெழுகுவதைச் சடங்கு என்று எழுதி வைத்திருக்கிறோம். அது பராமரிப்பும்தான். மண் அடுப்பைப் போட்டவர்கள் அது நிரந்தரமானது என்று நினைக்கவே இல்லை. விரிசல் விடும் என்பதும், ஏழு நாளுக்குள் அடைபடும் என்பதும் அதன் கட்டுமானத்திலேயே இருந்தன. அடைக்கும் பொருள் அடைபடும் பொருளேதான். கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. பெரட்டுப் புத்தகத்தில் அது ஏறவில்லை. தோட்ட வரலாற்றை எழுதியவர்கள் பால் எத்தனை பவுண்டு என்று எழுதினார்கள். அடுப்பு எத்தனை முறை மெழுகப்பட்டது என்று யாரும் எழுதவில்லை. ஒரு பெண் ஐம்பது வருடம் அடுப்பங்கரையில் இருந்தால், வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் 2,600 முறை மெழுகியிருப்பாள்.

தோட்டம் கைமாறி லயத்தைக் காலிசெய்யச் சொன்னபோது, கட்டில், அலமாரி, சாமிப்படம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். அடுப்பை ஏற்ற முடியாது. கிளம்பிய அன்று காலையிலும் பாட்டி அடுப்பை மெழுகினாராம். "இடிக்கப் போறாங்கன்னு தெரியும்தானே, ஏன் மெழுகினாங்க?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமையாச்சே" என்றார் அம்மா.

சிமெண்டு இந்தக் கதைக்குள் வந்தது வேறொரு வாக்குறுதியோடு. லீட்ஸ் நகரத்துச் செங்கல் கொத்தனார் ஜோசப் அஸ்ப்டின், 'போர்ட்லாந்து சிமெண்டு' என்று பெயரிட்டுக் காப்புரிமை பெற்றது 1824 அக்டோபரில். அந்த 80 மதராஸ் கைதிகள் சிங்கப்பூரில் இறங்குவதற்குச் சரியாக ஆறு மாதம் முன்பு. வெல்லமும் முட்டையும் குழைத்தவர்களின் தொழிலை முடித்துவைக்கப்போகும் பொருள், அவர்கள் கரையேறும் முன்பே காகிதத்தில் பிறந்துவிட்டது. மலாயாவிலேயே சிமெண்டு தயாரிக்கும் ஆலை 1953-இல் ராவாங்கில் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு சுவருக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்ற பாகுபாடு கரைந்துபோனது. எல்லாவற்றுக்கும் ஒரே மூட்டை. ஒருமுறை பூசினால் போதும், மெழுக வேண்டாம், துடைத்தால் போதும் என்றது அது. லயத்திலிருந்து தாமானுக்கு வந்த பெண்களுக்கு அந்த வாக்குறுதி எவ்வளவு இனித்திருக்கும் என்பதை நான் சுலபமாகப் புரிந்துகொள்கிறேன். அம்மா தாமான் வீட்டில் முதலில் ஆசைப்பட்டது டைல் பதித்த சமையல் மேடைக்குத்தான். அவர் இன்னும் அதை 'மொசேக்' என்றுதான் சொல்வார்.

இப்போது நாங்கள் இருக்கும் தெப்ராவ் வீட்டின் பின்புறத்தில் டைல் பதித்த பார்பிக்யூ அடுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டை வாங்கும்போதே இருந்தது. எங்கள் வரிசையில் இன்னும் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு மறுநாள், பள்ளி விடுமுறை, மாட்டுப் பொங்கல் என்று ஆள் கூடும் நாட்களில் கோழியும் மீனும் அதில்தான் வாட்டப்படும். நாலு அடுப்புக்கும் நோய் ஒன்றுதான். டைல் பளபளவென்று இருக்கும். டைலுக்கு நடுவிலுள்ள சாந்து, கடைக்காரர்கள் 'கிரௌட்' என்று சொல்வது, கறுத்து, உதிர்ந்து, சில இடங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

அந்த வெள்ளைப் பூவுக்குள் பழைய கதாபாத்திரம் ஒளிந்திருக்கிறது. சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உபரியாக நீற்றுச் சுண்ணாம்பு உண்டாகிறது. மழைநீர் கிரௌட்டின் நுண்துளைகளில் இறங்கி, அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து வெளியே இழுத்துவருகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டதும் அது வெள்ளைப் பொடியாகப் படிகிறது. எலுமிச்சை, புளி, வினிகர் ஊறிய மசாலா சொட்டினால், அமிலம் அதே சுண்ணாம்பை அரிக்கிறது. நெருப்பு இன்னும் மோசம். 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீற்றுச் சுண்ணாம்பு தன் தண்ணீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். மறுநாள் மழை பெய்தால் அது தண்ணீரைக் குடித்து ஊதும், விரிசல் விடும், உதிரும். தெப்ராவிலோ மழைக்குத் தனிப் பருவம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுக்க இருக்கிறது. சனிக்கிழமை நெருப்பு, ஞாயிற்றுக்கிழமை மழை என்றால் கிரௌட்டுக்கு வாராவாரம் சூளையும் குளமும்தான்.

"மாத்திப் போட்டா ரெண்டும் போச்சு" என்று அம்மா சொன்னதன் வேதியியல் இதுதான். டைல் அடுப்பு என்பது சுவரின் சாந்தை நெருப்பின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த ஏற்பாடு.

அதனால் சீலர் பூசுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி, நெருப்பு எங்கே நிற்கிறது என்பது. கரி எரியும் உட்பக்கத்தில் டைலும் கூடாது, சாதாரண கிரௌட்டும் கூடாது. அங்கே தீச்செங்கல்லும், அதற்கென்றே விற்கும் தீக்களிமண் சாந்தும்தான் நிற்கும். பெயரைப் பாருங்கள், கடைசியில் மறுபடியும் மண்ணிடம்தான் வந்து நிற்கிறோம். உட்சுவருக்கும் டைல் பதித்த வெளிச்சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டால், அனல் டைலை எட்டாது. எங்கள் அடுப்பின் உட்பக்கத்தை அப்படித்தான் மாற்றினோம். எபாக்ஸி கிரௌட் என்று ஒன்று இருக்கிறது, அதற்குச் சீலரே வேண்டாம். சமையல் மேடைக்கு அருமையான பொருள். ஆனால் சூட்டில் இளகிவிடும் என்பதால், அனல் படும் இடத்துக்கு ஆகாது.

வெளிப்பக்கத்துக்கும் மேல் விளிம்புக்கும் சீலர் உதவும். அதிலும் இரண்டு ஜாதி. ஒன்று வார்னிஷ் போல மேலே படலமாக நிற்கும். பார்க்கப் பளபளக்கும், ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் அனலில் ஆவியாகும்போது படலத்தைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் பெருகும், எந்தப் படலம் தாங்கும்? மற்றது கிரௌட்டுக்குள் இறங்கி, துளைகளின் உட்சுவரில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். சைலேன், சிலோக்சேன் வகை என்று டப்பாவில் போட்டிருக்கும். துளை திறந்தே இருக்கும், ஆனால் துளி நீர் உள்ளே போகாது. உள்ளிருக்கும் ஆவி வெளியே வந்துவிடும். வெட்டவெளி அடுப்புக்கு இதுதான் பொருந்தும்.

பூசுவதில் ஒன்றும் மந்திரம் இல்லை. உதிர்ந்த கிரௌட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். பொட்டலத்தில் சொல்லியிருக்கும் நாட்கள் வரை இறுகவிட வேண்டும். மூலையிலும், டைல் வேறொரு பொருளைத் தொடும் இடத்திலும் கிரௌட் போடாமல் சூடு தாங்கும் சிலிக்கோனை வைக்க வேண்டும், அங்கேதான் அசைவு அதிகம். பிறகு மழையில்லாத இரண்டு மூன்று நாள் வேண்டும். தெப்ராவில் கிடைக்காத பொருள் அது ஒன்றுதான். மேலே தார்ப்பாய் கட்டிக் காயவைத்தோம். சின்னத் தூரிகையால் கோடு கோடாகப் பூசி, டைலின் மேல் வழிந்ததைக் காயும் முன் துணியால் துடைத்துவிட வேண்டும். வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். முத்தாக நின்றால் சரி. கிரௌட் கறுத்து உறிஞ்சினால் மறுபடி பூச வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை இதே சொட்டை வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்தச் சீலரும் நிரந்தரம் இல்லை.

நான் தூரிகையோடு குனிந்திருந்தபோது அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வாராவாரம் மெழுகினத வருசத்துக்கு ஒருதடவயா ஆக்கியிருக்கீங்க, அவ்ளோதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல, இப்ப ஆம்பளைங்களும் மெழுகுறீங்க" என்றார்.

அவர் கேலியில் வரலாறு இருக்கிறது. இடைவெளியை அடைப்பது என்பது ஒரு பொருளை வாங்குவதோடு முடிகிற வேலை என்று சிமெண்டு நம்மை நம்பவைத்தது. அந்த நம்பிக்கையில்தான் மெழுகும் பழக்கத்தையும், அதோடு சேர்த்து மண்ணையும் சுண்ணாம்பையும் பிரித்தறியும் அறிவையும் விட்டுவிட்டோம். பழக்கம் போனதில் எனக்கு வருத்தமில்லை. 2,600 முறை ஒருத்தி குனிய வேண்டியிருந்தது சுகமான நினைவு அல்ல. அறிவு போனதில்தான் வருத்தம். அது எழுத்தில் இல்லாமல் அவள் கையில் மட்டும் இருந்ததால், அவளை வேலையிலிருந்து விடுவித்தபோது அதையும் சேர்த்துத் தூக்கிப்போட்டோம். மதராஸ் சுண்ணாம்பின் பக்குவம் தப்பித்ததற்குக் காரணம், ஓர் அதிகாரி அதை எழுதிவைத்தது. அப்போதும் குழைத்தவர்களின் பெயரோடு அந்தப் பக்குவம் நமக்கு வந்து சேரவில்லை. லயத்து அடுப்பின் பக்குவத்தை எழுத எந்த அதிகாரியும் வரவில்லை.

ஜொகூர் பாருவில் துன் அப்துல் ரசாக் சாலைக்கு அருகில் ராஜகாளியம்மன் கோயில் இருக்கிறது. 1922-இல் சிறு கூடாரமாகத் தொடங்கியது. பாங்காக்கின் வாட் அருண் ஆலயத்தின் மினுமினுப்பைப் பார்த்து உண்டான எண்ணத்தில், கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டு 2009-இல் புது உருவம் பெற்றது. 300,000 கண்ணாடித் துண்டுகள் என்பது கணக்கு. மலேசிய சாதனைப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் கடைசியாகப் போனபோது ஒரு தூணின் அருகே நின்று, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பார்த்தேன். கற்பூரப் புகையும் விளக்கெண்ணெயும் தினமும் படுகிற இடம். கோடு சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் யாரோ தொடர்ந்து துடைக்கிறார்கள்.

லயத்து அடுப்பின் அளவுகளை இப்போது அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். புற்றுமண் எத்தனை கூடை, சாணம் எவ்வளவு, குமிழுக்கும் குமிழுக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று. "இதெல்லாம் எதுக்குடா, யாரு அடுப்பு போடப்போறா?" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் நான் ஒரு அளவைத் தப்பாக எழுதினால் விடமாட்டார், கையை நீட்டி விரலை அகட்டிக் காட்டுவார்.